நூறு எம்பிபிஎஸ்ஸும் இருபதாவது கையெழுத்தும்

போன ஞாயித்துக்கிழமை காலைல பல்லு கூட விளக்கல, வாசல்ல ஆள் சத்தம். எட்டிப் பாத்தா எதுத்த வீட்டு மாமா, தெருக்கோடி தறிக்கார அண்ணன், அவங்க கூட கழுத்துல ஐடி கார்டு தொங்கவிட்ட ஒரு தம்பி. தம்பி கையில ஒரு நோட்டு. நோட்டுல பத்தொம்பது கையெழுத்து.

மேட்டர் இதுதான். எங்க ஊருக்கு (ராசிபுரத்துக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் நடுவுல, வெண்ணந்தூர் பக்கம்) புதுசா ஒரு பெரிய கம்பெனி ஃபைபர் இழுக்கப் போறாங்க. பேர் எதுக்கு, கம்பெனி பெருசு, அது போதும். ஒரு தெருவுல இருபது வீடு சேந்தாதான் லைன் இழுப்பாங்களாம். பத்தொம்பது ஆச்சு. இருபதாவது நானாம். ஏன்னா ஊர்லயே "கம்ப்யூட்டர் படிச்ச பையன்" நான் ஒருத்தன்தான், நான் போட்டா மத்தவங்களுக்கும் ஒரு தைரியமாம்.

"என்ன தம்பி யோசனை? நூறு எம்பிபிஎஸ் தர்றாங்க. நீ இன்னும் அந்த கேபிள்காரன்கிட்டயே மாரடிச்சிட்டு இருக்கே" அப்படின்னாரு மாமா.

நான் போடல. "ஒரு வாரம் டைம் குடுங்க மாமா"ன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன். அதுக்கப்புறம் ஒரு வாரமா ஊருக்குள்ள நான்தான் வில்லன். டீக்கடைல, பால் சொசைட்டில, ஏன் எங்க வீட்டு சமையக்கட்டுல கூட. "எல்லாரும் மாத்தறாங்க, உனக்கு மட்டும் என்ன கேடு?" இது எங்கம்மா.

சரி, எனக்கு என்ன கேடுன்னு விலாவாரியா எழுதிடறேன். பொறுமை இருக்கறவங்க படிங்க, இல்லாதவங்க போய் ஸ்பீட் டெஸ்ட் போட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வச்சுக்கோங்க.

மொதல்ல என் நெலவரம். நான் பெங்களூர்ல ஒரு கம்பெனிக்குப் பொட்டி தட்டறேன். 2020 மார்ச் லாக்டவுனுக்கு ஊருக்கு வந்தவன், நடுவுல ஒண்ணரை வருஷம் போயிட்டு, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் திரும்பி வந்துட்டேன். அப்பாவைக் காலைல நடக்க வைக்கணும், வாரத்துல ரெண்டு நாள் சேலத்துக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போகணும். மாசத்துல ஒரு வாரம் மட்டும் ஆபீஸ், மீதி வீட்டுல இருந்துன்னு மேனேஜர்கிட்ட கெஞ்சி வாங்கின பர்மிஷன். ரெண்டு மாசம் முன்னாடி நைட் ரிலீஸ் நடக்கும்போது லைன் போச்சு. நாலு மணி நேரம். அடுத்த நாள் மேனேஜர் ரொம்ப மரியாதையா, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாம இந்த ஏற்பாட்டைப் பத்திப் பேசணும்"னாரு. மரியாதையா பேசினா எனக்கு வயித்தக் கலக்கும். அதனால இது எனக்கு ஐ.பி.எல். நிக்காம ஓடுறதைப் பத்தின மேட்டர் இல்லைங்க. லைன் போனா நான் பெங்களூரு, அப்பாவும் அம்மாவும் இங்க.

அப்ப மாத்திடவேண்டியதுதானேன்னு கேப்பீங்க. அங்கதான் இருக்கு விஷயம்.

இந்த நூறு எம்பிபிஎஸ்ங்கிற உடான்ஸை மொதல்ல உடைச்சிடலாம். ஒரு வீட்டுக்கு எவ்வளவு வேணும்? நெட்ஃப்ளிக்ஸ்காரனே ஹெச்.டி. படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 போதும்னு அவன் சைட்லயே போட்டிருக்கான். வீடியோ மீட்டிங்குக்கு நாலு இருந்தா தாராளம். நான் மீட்டிங்ல, அம்மா சீரியல்ல, அப்பா போன்ல யூட்யூப்னு எல்லாரும் ஒரே நேரத்துல உக்காந்தாலும் முப்பதைத் தாண்டாது. எங்க பழைய கனெக்‌ஷன் 40. இந்த நாட்டுல 2004 பிராட்பேண்ட் பாலிசி 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்டுன்னுச்சு. அதை 2 எம்பிபிஎஸ்ஸா உயர்த்தினதே 2023 ஜனவரிலதான். நான் ஏழாவது படிக்கறப்ப ராசிபுரம் ப்ரவுசிங் சென்டர்ல ரிசல்ட் பேஜ் ஒண்ணு தொறக்கறதுக்குள்ள ஒரு தேங்கா பன்னு தின்னு முடிச்சவன். எனக்கா ஸ்பீடு காட்டறீங்க?

இன்னொண்ணு, அந்த நூறும் உங்களுக்கே உங்களுக்குன்னு இல்ல. வீட்டுக்கு வர்ற ஃபைபர் பெரும்பாலும் ஜிபான்ங்கிற முறைல ஓடுது. கம்பெனியோட பெட்டியில (ஓ.எல்.டி.ன்னு சொல்வாங்க) ஒரு போர்ட்டுக்கு இறங்கற பக்கம் மொத்தமே கிட்டத்தட்ட 2.5 ஜிபிபிஎஸ். அதுல இருந்து கெளம்பற ஒத்தை இழையை ஸ்ப்ளிட்டர் வச்சு 32 வீடு, 64 வீடுன்னு பிரிப்பாங்க. 64 வீடும் ஒரே நேரத்துல இழுத்தா ஆளுக்கு 39 எம்பிபிஎஸ் கூட தேறாது. எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்க மாட்டாங்கங்கிறதுதான் கணக்கு, அது நியாயமான கணக்குதான், தப்பு சொல்லல. அந்த 2.5 ஜிபிபிஎஸ் கூட பெட்டி வரைக்கும்தான். பெட்டிக்குப் பின்னாடி சேலத்துக்கும் சென்னைக்கும் போற குழாய் எவ்வளவு பெருசுன்னு எந்த நோட்டீஸ்லயும் போட மாட்டான். நைட்டு ஒம்போது மணிக்கு கிரிக்கெட் ஓடறப்போ தெரியும் குழாயோட விட்டம். விளம்பரத்துல "நூறு எம்பிபிஎஸ் வரை"ன்னு ஒரு "வரை" இருக்கும் பாருங்க, மொத்த வியாபாரமும் அந்த ரெண்டெழுத்துலதான் நடக்குது.

இதே மாதிரி காசுலயும் ஒரு பொடியெழுத்து. 599ன்னு போட்டிருப்பான். கீழ எறும்பு சைஸ்ல ஜி.எஸ்.டி. தனின்னு இருக்கும். 18 சதவீதம் சேத்தா 706 ரூபா 82 பைசா. ஆறு மாசத்துக்கு மொத்தமா கட்டினாதான் இன்ஸ்டலேஷன் ஃப்ரீ, ஆக 4240 ரூபா 92 பைசா இன்னிக்கே எடுத்து வைக்கணும். கேபிள் அண்ணன்கிட்ட மாசம் 550, எல்லாம் சேத்து. அதையும் பத்தாந்தேதி குடுத்தா போதும், இருபதாந்தேதி குடுத்தாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இதை நான் சொன்னா தறிக்கார அண்ணன், "ஓடிடி ஃப்ரீயா வருதுல்ல தம்பி"ங்கறாரு. சரிங்ணா, வருது. ராத்திரி ஒரு மணி வரைக்கும் தறி ஓட்டறீங்களே, அந்த ஓடிடிய எப்ப பாப்பீங்க?

இதெல்லாம் சில்லறை. என் நெஜமான சண்டை வேற எடத்துல இருக்கு.

நம்ம ஊர்ல லைன் எப்படி அறுந்து போகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. மண்ணுக்கடியில குழாய்ல போற ஃபைபர் எல்லாம் டவுனுக்கு. நமக்கு ஈ.பி. கம்பத்துல தொங்கற கருப்புக் கயிறுதான். வைக்கோல் லாரி ஓவர் லோடு ஏத்திட்டு வந்தா போச்சு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி குறுக்கால ஒரு சந்துல பூந்தா போச்சு. அணில் கடிக்கும். கெணத்து மோட்டாருக்கு ஒயர் இழுக்கறவர் ஏணி சாத்தினா அறுந்துடும். தண்ணிக்குழாய்க்கு ஜே.சி.பி. தோண்டினா கேக்கவே வேண்டாம். தோண்டறதுக்கு முன்னாடி கேபிள் போட்டவங்களுக்குத் தகவல் சொல்றதுக்குன்னு 2023 மார்ச்ல மத்திய அரசு "கால் பிஃபோர் யூ டிக்"னு ஒரு ஆப் விட்டாங்க. எங்க ஊர் ஜே.சி.பி. டிரைவர்கிட்ட அதைச் சொன்னேன். "தம்பி, தோண்டினதுக்கப்புறம் அவங்களே கூப்புடறாங்க"ன்னாரு.

ஆக லைன் அறுகறது அறுகத்தான் செய்யும், எந்தக் கம்பெனியா இருந்தாலும். ஒரே கம்பம், ஒரே வைக்கோல் லாரி. நான் காசு குடுத்து வாங்கறது உண்மையில ஸ்பீடையே இல்ல. அறுந்தப்புறம் எத்தனை மணி நேரத்துல ஒட்டறாங்கங்கிறதைத்தான் வாங்கறேன். இதை எந்த நோட்டீஸ்லயாவது பாத்திருக்கீங்களா?

பொட்டி தட்டற புத்தி சும்மா இருக்குமா? மூணு மாசமா ஒரு குட்டி ஸ்க்ரிப்ட் ஓட விட்டிருக்கேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளிய பிங் அடிக்கும், போகலைன்னா நேரத்தை எழுதி வச்சுக்கும். மூணு மாசத்துல பத்து நிமிஷத்துக்கு மேல லைன் போனது பதினோரு தடவை. அதுல ஏழு கரண்ட் போனதால. மூணு லைன் அறுந்ததால. ஒண்ணு என்னன்னே தெரியல. அறுந்த மூணுல ரெண்டை கேபிள் அண்ணன் ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஒட்டிட்டாரு. மூணாவதுதான் அந்த நாலு மணி நேர ரிலீஸ் நைட்டு. அன்னிக்கு மழை, பதினோரு மணி, மனுஷன் தலையில டார்ச்சைக் கட்டிக்கிட்டு, குடைய அவர் பையன் புடிச்சிக்க, கம்பத்தடியில உக்காந்து ஸ்ப்ளைசிங் மெஷின்ல ஒட்டிட்டிருந்தாரு. நான் போய் நின்னதும் "ஏனுங்க தம்பி தூங்கல? வந்துரும், போங்க"ன்னாரு. நான் நின்ன கடுப்புக்கு அந்த "வந்துரும்" நல்லாவே இல்ல. ஆனா வந்துச்சு.

உடனே "ஆஹா, ஏழை கேபிள்காரர் மேல சென்டிமென்ட்"னு ஆரம்பிச்சிடாதீங்க. அவர் மேல எனக்கிருக்கற புகாரை எழுதினா இந்தப் பதிவு பத்தாது. பில்லு குடுக்க மாட்டாரு. கரண்ட் போன ஏழு தடவையும் எங்க வீட்டு ரவுட்டர் யூ.பி.எஸ்.ல ஓடிட்டுதான் இருந்துச்சு, அவரோட பெட்டிதான் செத்துச்சு. ஃபைபர்ல ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம், அது வெறும் கண்ணாடி. ரெண்டு முனையில இருக்கற பெட்டிக்கு மட்டும் கரண்ட் இருந்தா போதும், நடுவுல ஊரே இருட்டா இருந்தாலும் வெளிச்சம் ஓடும். அவரோ பழைய இன்வர்ட்டர்ல பழைய பேட்டரி ஒண்ணை வச்சு ஓட்டிட்டிருக்காரு. மாசாந்திர பராமரிப்புன்னு காலைல ஒம்போதுல இருந்து கரண்டை நிறுத்தினா பதினோரு மணிக்கெல்லாம் அது மூச்சை விட்டுரும். இதை நான் எத்தனையோ தடவை சொல்லியாச்சு. "பாக்கலாங்க தம்பி."

அதை விடப் பெரிய கடுப்பு இது. புதுக் கம்பெனி வர்ற சேதி காதுல விழுந்த அஞ்சாம் நாள், நான் கேக்காமலேயே என் ஸ்பீடு 40ல இருந்து 100 ஆயிடுச்சு! அதே 550க்கு. ஏங்க, அந்த அறுபது இத்தனை நாளா எங்க இருந்துச்சு? ரெண்டு வருஷமா கேட்டேனே, "மேல இருந்து வர்றதே அவ்வளவுதானுங்க"ன்னீங்களே? நம்ம பக்கம் கேபிள் தொழில் எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்களுக்கு ஆச்சரியமா இருக்காது. 1993ல சன் டிவி வந்த காலத்துல இருந்தே இந்தத் தெரு உனக்கு, அந்தத் தெரு எனக்குன்னு பங்கு பிரிச்சிக்கிட்ட தொழில். ஒருத்தர் ஏரியாவுல இன்னொருத்தர் ஒயர் இழுத்தா வெட்டுக்குத்து. 2007ல அரசு கேபிள் கார்ப்பரேஷன்னு ஆரம்பிச்சு, 2011ல மாசம் 70 ரூபான்னு கொண்டு வந்தப்பதான் பல ஊர்ல இவங்க பல்லு கொஞ்சம் புடுங்கப்பட்டுச்சு. ஆக போட்டி வேணும். போட்டி வந்தாதான் இவரு அசைவாரு. நான் போட்டிக்கு எதிரி இல்ல.

அப்ப எதுக்கு எதிரி? இருபது பேரும் ஒரே நாள்ல மொத்தமா எந்திரிச்சுப் போறதுக்கு.

எங்க தெருவுலயும் பக்கத்துத் தெருவுலயும் சேத்து அவருக்கு நாப்பது வீடு. மாசம் 22,000 வசூல். அதுல மேல இருக்கற கம்பெனிக்குக் குடுக்கணும், கரண்டு பில்லு, பையன் சம்பளம். இருபது வீடு போனா 11,000. "பதினஞ்சுக்குக் கீழ போச்சுன்னா பெட்டியக் கழட்டிருவேனுங்க தம்பி, கட்டுபடியாகாது"ன்னு அவரே சொல்றாரு. மெரட்டலா சொல்லல, கணக்கா சொன்னாரு. அவர் பெட்டியைக் கழட்டினா மறுநாள் இந்த ஊர்ல ஒரே கம்பெனிதான். அன்னிக்கு அந்த 599 என்னவாகும்?

இதுக்கு ஜோசியம் பாக்க வேண்டாம், நம்ம கண்ணு முன்னாடி நடந்த கதை இருக்கு. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு. 2017 மார்ச் வரைக்கும் எல்லாமே இலவசம். எல்லாருக்கும் கொண்டாட்டம், எனக்கும்தான், நான் அப்ப காலேஜ்ல, ஹாஸ்டலே விடிய விடிய முழிச்சிருந்துச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா கடையைக் கட்டினாங்க. தமிழ்நாட்டுல தெருவுக்குத் தெரு சிம் வித்த ஏர்செல் 2018 பிப்ரவரியில டவர் நின்னு திவால் மனு போட்டுச்சு. நம்பரைக் காப்பாத்திக்க ஜனங்க கடை வாசல்ல கெடையா கெடந்தாங்க. வோடஃபோனும் ஐடியாவும் அதே வருஷம் ஒண்ணாச்சு. கடைசில தனியார்ல மிஞ்சினது மூணே பேர். அதுக்கப்புறம்? 2019 டிசம்பர்ல விலை ஏறுச்சு. 2021 நவம்பர்ல ஏறுச்சு. 2024 ஜூலைல மறுபடி ஏறுச்சு. மூணு தடவையும் தனியார் கம்பெனிங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ஏத்தினாங்க. 2024ல கோவம் வந்து "பி.எஸ்.என்.எல்.லுக்குப் போறோம்"னு ஊர் பூரா கெளம்புச்சு. அந்த பி.எஸ்.என்.எல்.ல 2020 ஜனவரி 31 அன்னிக்கு ஒரே நாள்ல 78,000 பேருக்கு மேல விருப்ப ஓய்வுல வீட்டுக்குப் போனாங்களே, அப்ப யாரும் கவலைப்படல. வேலை செய்யற ஆளுங்களை அனுப்பிட்டு, அப்புறம் வேலை நடக்கலைன்னா எப்படி நடக்கும்?

"மார்க்கெட் தீர்மானிக்கும் மச்சி"ன்னு என் ஃப்ரெண்டு ஒருத்தன் பெங்களூர்ல இருந்து ஜல்லியடிக்கிறான். அவன் இருக்கற அபார்ட்மென்ட்ல அஞ்சு கம்பெனி லைன் இருக்கு. ஒண்ணு சரியில்லைன்னா சாயங்காலத்துக்குள்ள இன்னொண்ணு. அங்க மார்க்கெட் தீர்மானிக்கும். எங்க தெருவுல ரெண்டு பேர் இருந்தாதான் அது மார்க்கெட். இருபதாவது கையெழுத்து விழுந்து, பத்து மாசத்துல கேபிள் அண்ணன் பெட்டியக் கழட்டிட்டா, அதுக்குப் பேரு மார்க்கெட் இல்ல, ரேஷன் கடை. ரேஷன் கடையிலயாவது எடை போடறவர் நம்மூர்க்காரரா இருப்பாரு.

"ரெண்டையும் வச்சுக்க வேண்டியதுதானே, நீதான் ஐ.டி. ஆச்சே"ன்னு இன்னொரு குரூப்பு. மாசம் 550ம் 707ம் சேத்து 1257. கட்டலாம், கட்ட முடியாம இல்ல. ஆனா முன்னாடியே சொன்னேன்ல, ரெண்டும் ஒரே கம்பத்துல தொங்கப் போகுது. ஒரு வைக்கோல் லாரி ரெண்டையும் சேத்துத்தான் இழுத்துட்டுப் போகும். மொபைல் டேட்டா இருக்கேன்னா, போன ஐப்பசி மழையில மெயின் ரோட்டுல ஒரு கேபிள் போனப்போ எங்க ஊர் டவரும் கூடவே படுத்துச்சு. டவருக்கும் அதே ரோட்டோரமாத்தான் ஃபைபர் வருது போல. வானத்துல இருந்து சிக்னல் வருதுன்னு நெனச்சிட்டிருந்தேன், கடைசில எல்லாம் அந்த ஒத்தக் கம்பத்துக்குத்தான் வந்து நிக்குது.

சரி, சட்டம் என்ன சொல்லுது? இதையும் தேடிப் படிச்சேன், ஏன்னா எதுத்து நிக்கறவன் படிச்சுட்டு நிக்கணும். டிராய் 2024ல சேவைத்தரத்துக்குப் புது விதிமுறை போட்டு, 2024 அக்டோபர் 1ல இருந்து அமல். வீட்டு பிராட்பேண்ட் ரிப்பேரை மூணு நாளுக்குள்ள சரி பண்ணலைன்னா வாடகையில கழிச்சுக் குடுக்கணும், முன்பணம் கட்டினவங்களுக்கும் சேத்து. கேக்க நல்லா இருக்குல்ல? எத்தனை பேர் வாங்கியிருக்கீங்க? அதுக்கு மொதல்ல புகார் நம்பர் வேணும். ஆப்ல புகார் குடுத்தா, லைன் சரியாகாமலேயே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ் வரும். மறுபடி குடுத்தா புது நம்பர், மூணு நாள் கணக்கு மறுபடி மொதல்ல இருந்து. பெரிய கம்பெனி லைன் வச்சிருக்கற என் கலீக் ஒருத்தர் இப்படியே ஒம்போது நாள் ஓட்டினாரு. மேல்முறையீட்டு அதிகாரின்னு ஒவ்வொரு கம்பெனியிலயும் ஒருத்தர் இருக்கணும், அவர்கிட்டப் போகலாம். அதுலயும் ஆகலைன்னா நுகர்வோர் கோர்ட்டு. டெலிகாம் கேஸெல்லாம் நுகர்வோர் கோர்ட்டுக்கு வராதுன்னு கம்பெனிங்க ரொம்ப நாளா வாதாடிட்டிருந்ததை 2022 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி பண்ணிடுச்சு. ஆக வழி இருக்கு. ஆனா 707 ரூபா லைனுக்கு நாமக்கல்லுக்கு எத்தனை தடவை பஸ் ஏறுவீங்க?

கேபிள் அண்ணன் விஷயத்துல எனக்கு இந்த விதிமுறை எதுவும் தேவைப்படல. அவர் வீடு தெரியும். அவர் சம்சாரம் எங்கம்மாவுக்குச் சொந்தம் மாதிரி. லைன் வரலைன்னா எங்கம்மாவே போய் வாசல்ல நின்னுரும். இதை ஒரு சிஸ்டம்னு நான் சொல்ல மாட்டேன், அசிங்கமாத்தான் இருக்கு. ஆனா வேலை செய்யுது.

நேத்து அந்த ஐடி கார்டு தம்பி மறுபடி வந்தாரு. பாவம், டார்கெட் இருக்கும். உக்கார வச்சு காபி குடுத்து மூணு கேள்வி கேட்டேன். எங்க ஊருக்கு லைன்மேன் யாரு, அவர் எத்தனை ஊர் பாக்கறாரு? உங்க பெட்டி எங்க இருக்கு, கரண்ட் போனா எத்தனை மணி நேரம் தாங்கும்? நாலாவது நாள் நான் கேக்காமலேயே வாடகை கழியுமா? மூணுக்கும் ஒரே பதில்தான் சொன்னாரு: "சார், ஆப்ல கம்ப்ளெயின்ட் போட்டா நாலு மணி நேரத்துல ஆள் வரும் சார்." ஆளு எங்கிருந்து வரும் தம்பின்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சிட்டு, "சேலத்துல இருந்து வரும்னு நெனைக்கிறேன் சார்"னாரு. பொய் சொல்லாததுக்கு அவருக்கு இன்னொரு காபி.

அதே மூணு கேள்வியோட சாயங்காலம் கேபிள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மொதக் கேள்விக்குச் சிரிச்சாரு. மூணாவதுக்கு "நாலு நாள் எப்பங்க தம்பி ஆச்சு?"ன்னாரு, அதுவும் நெஜம். ரெண்டாவதுக்குத்தான் மொகம் தொங்கிப்போச்சு. நான் விடல. "அண்ணா, எனக்கு உங்க மேல பரிதாபம் எதுவும் கிடையாது. மீதி இருக்கற வீடும் உங்ககிட்ட நிக்கணும்னா பேட்டரி மாத்துங்க, பில்லு குடுங்க, ராத்திரி போனை எடுங்க. அறுபது எம்பிபிஎஸ்ஸை ஒளிச்சு வச்ச கதைய நான் மறக்க மாட்டேன்"னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அவர் சம்சாரம் உள்ள இருந்து, "நல்லாக் கேளு கண்ணு, நானும் இதைத்தான் சொல்லிட்டிருக்கேன்"னுச்சு. அவர் பையன் போன்ல பேட்டரி விலை பாக்க ஆரம்பிச்சான்.

மாமா நேத்து ராத்திரி போன் பண்ணினாரு. இருபதாவது கையெழுத்து கெடைச்சிருச்சாம், கோயில் பக்கத்து மளிகைக்கடை. வர்ற வாரம் லைன் இழுக்கறாங்க. "உன்ன விட்டுட்டுப் போறோம் பாரு"ன்னு சிரிச்சாரு. போங்க மாமா. உங்களைத் தடுக்கற எண்ணம் எனக்கு எப்பவும் இல்ல, அந்த ஒயர் எங்க வீட்டு மொட்டை மாடி மேல போறதுக்குக் கூட சரின்னுட்டேன். கட்டின 4240 ரூபாய்க்கு ரசீது மட்டும் பத்திரமா வச்சுக்கோங்க. என் ஸ்க்ரிப்ட்டை உங்க லைன்லயும் ஓட விடறேன், ஒரு பழைய போன் குடுத்தா போதும். மூணு மாசம் கழிச்சு ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம். உங்களுது நல்லா இருந்தா நானே வந்து கையெழுத்துப் போடறேன், ரோஷம் எல்லாம் பாக்க மாட்டேன்.

கேபிள் அண்ணனுக்கு இன்னிக்கு 550 குடுத்தாச்சு. ஒரு மாசத்துக்கு மட்டும். வருஷத்துக்குக் கட்டினா ரெண்டு மாசம் ஃப்ரீன்னாரு, வேண்டாம்னுட்டேன்.

பி.கு.: பில்லு குடுத்தாரு. கையால எழுதினது, தேதி தப்பு. இருந்தாலும் பில்லு பில்லுதான்.